நிழலுக்கு ஒரு சட்டம்

அம்பேத்கர் நியூயார்க்கில் போய் இறங்கியது 1913 ஜூலை மாதம். வயது 22. அதற்கு மூன்று மாதம் முன்னால், ஏப்ரல் 24ஆம் தேதி ராத்திரி, அந்த ஊரில் உல்வொர்த் கட்டடத்தைத் திறந்திருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சன் வாஷிங்டனில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் எண்பதாயிரம் விளக்குகள் எரிந்தன. 792 அடி உயரம். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று வருஷத்துக்குள், 1915இல், அதே பிராட்வே தெருவில் பத்து நிமிஷம் தெற்கே நடந்தால் வருகிற இடத்தில் இன்னொரு கட்டடம் எழும்பியது. அதன் பேர் ஈக்விடபிள். இந்த இரண்டு கட்டடங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தலித் பத்திரிகையில் அமெரிக்கக் கட்டடத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கட்டடக்கலை பற்றி நம்மாட்கள் எழுதுவதில்லை. கட்டுவதோடு சரி. எங்கம்மா இருபத்தாறு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு முடியே இல்லாமல் போனது. நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் சிவில் படித்து, ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிளான் வரைந்து ஓய்வு பெற்றேன். என் மகள் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள். அவளோடு மூன்று மாதம் தங்கியிருந்தபோது இந்த இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. மகள் சிரித்தாள். "எல்லாரும் சுதந்திர தேவி சிலைய பாக்கப் போவாங்க, நீ என்னப்பா ஆபீஸ் கட்டடத்தைப் போய்ப் பாத்துட்டு வர்ற" என்றாள்.

உல்வொர்த்தை முதலில் சொல்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, அழகான கட்டடம். கேஸ் கில்பர்ட் என்பவர் வடிவமைத்தது. உள்ளே முழுக்க இரும்புச் சட்டம். வெளியே சுடுமண் பலகைகளால் போர்த்தியிருக்கிறார்கள். பாலாடை நிறம். ஐரோப்பிய மாதா கோயில்களில் இருக்கிற மாதிரி கூர்வளைவுகள், சின்னச் சின்ன சிகரங்கள், உச்சியில் பச்சை பூத்த செம்புக் கூரை. கீழேயிருந்து மேலே வரை தூண் கோடுகள் தடங்கல் இல்லாமல் ஓடுவதால், கட்டடம் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியாது, ஏறிக்கொண்டிருப்பது போலத் தெரியும். திறந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு பாதிரியார் இதற்கு வணிகத்தின் பேராலயம் என்று பேர் வைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பேர்தான்.

கோயில் என்றதும் எனக்கு வேறு ஞாபகம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நமக்குச் சொல்லிவைத்தார்கள் இல்லையா? உள்ளே விடமாட்டேன், தூரத்திலிருந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போ என்பதற்கு அப்படி ஒரு மரியாதையான வாசகம். உல்வொர்த்தும் கோபுரம்தான். எந்தக் காசில் கட்டிய கோபுரம்? பிராங்க் உல்வொர்த் ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்கிற கடைக்காரர். நம்ம ஊர்ச் சந்தையில் 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' என்று கூவுவார்களே, அந்த வியாபாரம். ஏழை வீட்டுப் பொம்பளைகள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கிற சில்லறைதான், கோடிக்கணக்கில் சேர்ந்து 135 லட்சம் டாலர் கட்டடமானது. கடன் வாங்கவில்லை, ரொக்கமாகவே கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

கட்டணம் கட்டிச் சுற்றிப் பார்க்கிற ஒரு குழுவோடு முகப்புக் கூடத்துக்குள் போனேன். பளிங்குச் சுவர். தலைக்கு மேலே கண்ணாடிச் சில்லுகள் பதித்த வளைவுக் கூரை, தங்க நிறத்தில் மின்னுகிறது. வளைவு தாங்கும் இடங்களில் கேலியாகச் செதுக்கிய சின்ன உருவங்கள். உல்வொர்த் குந்தி உட்கார்ந்து காசு எண்ணுகிறார். கில்பர்ட் தான் வடிவமைத்த கட்டடத்தையே பொம்மை மாதிரி கையில் பிடித்திருக்கிறார். குன்வால்ட் ஆஸ் என்கிற பொறியாளர் இரும்பு உத்தரத்தை அளக்கிறார். தலையில் சுமை வைத்த ஒரு உருவம் இருக்கிறதா என்று கழுத்து வலிக்கிற வரைக்கும் தேடினேன். என் கண்ணில் படவில்லை. உழைப்பு என்ற பேரில் ஒரு ஓவியம் மேல்தளத்தில் இருக்கிறது. உழைப்புக்குப் படம் வரைந்துவிடுவார்கள். உழைத்தவனுக்குத்தான் வரைய மாட்டார்கள்.

அஸ்திவாரம் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அந்த இடத்தில் பாறை நூறு அடிக்கும் கீழே கிடக்கிறது. மேலே மணலும் தண்ணீரும். அதனால் பெரிய இரும்புப் பெட்டிகளை இறக்கி, தண்ணீர் உள்ளே வராமல் காற்றை அழுத்தி நிரப்பி, அந்த அழுத்தத்துக்குள் ஆட்களை இறக்கி மண்ணை வெட்டவைத்தார்கள். வெட்ட வெட்டப் பெட்டி இறங்கும். இந்த மாதிரி வேலையில் இருந்தவர்களுக்கு வேகமாக மேலே ஏறி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொண்டு மூட்டு முடங்கும், சிலருக்குக் கை கால் விழுந்துவிடும், சாவும் உண்டு. நம்ம ஊரில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவர்களை நினைத்துக்கொண்டேன். பூமிக்குக் கீழே இறங்குகிற வேலை எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரி ஆட்களுக்குத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி, வடக்கு கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்த உல்வொர்த் கடைக்குள் நான்கு கறுப்பின மாணவர்கள் போனார்கள். சாமான் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டார்கள். அதே கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டபோது, கறுப்பர்களுக்கு இங்கே கிடையாது என்றார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கடை மூடுகிற வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஜூலை 25ஆம் தேதிதான் அந்த மேடை கறுப்பர்களுக்குத் திறந்தது. காசு தீட்டில்லை, உட்காருவது தீட்டு. தனிக்குவளையில் டீ குடித்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேராலயம் கட்டிய சில்லறையில் கறுப்பினத் தாய்மார்களின் சில்லறையும் இருந்தது.

இனி ஈக்விடபிள். உல்வொர்த்திலிருந்து பிராட்வேயில் தெற்கே நடந்தால் இடது பக்கம் வரும். முன்பு அங்கே இருந்த பழைய கட்டடம் 1912 ஜனவரியில் தீயில் போனது. அந்த மனையில் எர்னஸ்ட் கிரகாம் வடிவமைத்தது இது. இதில் ஒரு வேடிக்கை, இரண்டையும் எழுப்பியது தாம்சன்-ஸ்டாரட் என்ற ஒரே காண்ட்ராக்ட் கம்பெனிதான். ஒரே மேஸ்திரி கட்டிய இரண்டு வீடு மாதிரி. ஆனால் இரண்டும் ஜென்ம விரோதிகள்.

உல்வொர்த்தில் கீழ்ப்பகுதி அகலமாக வந்து, பின்னால் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம் விட்டு, அதற்கு மேல் மனையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் கோபுரம் எழும்பும். மீதி இடத்தில் வானம். ஈக்விடபிளில் அந்த வேலையே கிடையாது. மனையின் விளிம்பில் சுவர் எழுப்பினார்கள், 38 மாடியும் அப்படியே நெட்டுக்குத்தாகப் போய்விட்டார்கள். உள்பக்க அறைகளுக்கு வெளிச்சம் வேண்டுமே என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். தெருவில் நிற்பவனுக்குத் தெரிவது சுவர்தான். மனை ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டியது சுமார் 12 லட்சம் சதுர அடி. மனையைப் போல் முப்பது மடங்கு. இன்றைய தமிழ்நாட்டு விதிப்படி சாதாரணக் கட்டடத்துக்கு எப்.எஸ்.ஐ. 2, உயரக் கட்டடத்துக்கு 3.25. முப்பது என்று பிளான் போட்டுக்கொண்டு போனால் என் பழைய அலுவலகத்தில் பைத்தியம் என்பார்கள்.

அதன் நிழல் ஏழு ஏக்கருக்கு விழுந்தது. சுற்றியிருந்த கட்டடக்காரர்கள் கத்தினார்கள். ஆரம்பத்திலேயே தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜன்னலில் வெயில் வரவில்லை, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது, குடியிருப்பவன் காலி செய்கிறான், வாடகை விழுந்துவிட்டது, அதனால் வரியைக் குறை என்று மனுப் போட்டார்கள். ஈக்விடபிள் என்ற ஆங்கில வார்த்தைக்கு நியாயமான, எல்லோருக்கும் சமமான என்று பொருள். இன்சூரன்ஸ் கம்பெனிப் பேர் அது, கட்டடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்தவன் வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்ட கட்டடத்துக்குச் சமநீதி என்று பேர். நம்ம ஊரில் இப்படிப் பேர் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயுமா என்று இருந்தது.

கட்டட உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு நியூயார்க்கில் முன்பே தொடங்கியிருந்தது. 1913இலேயே அதற்கு ஒரு கமிஷன் போட்டார்கள். ஈக்விடபிள் வந்ததும் எல்லோரும் கைகாட்டுவதற்கு ஒரு உதாரணம் கிடைத்தது. 1916 ஜூலை 25ஆம் தேதி சட்டம் வந்தது. தெருவின் அகலத்துக்கு ஏற்ற உயரம் வரைக்கும்தான் சுவர் நேராக எழும்பலாம். அதற்கு மேல் போனால் உள்ளே தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும். மனையில் கால்பங்கில் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கோபுரம் எழுப்பிக்கொள்ளலாம். நாம் பிளானில் தினமும் எழுதுகிற செட்பேக் என்ற வார்த்தைக்கு இது ஒரு பெரிய திருப்பம். கிரைஸ்லர், எம்பயர் ஸ்டேட் எல்லாம் படி படியாகக் குறுகி மேலே போவதற்குக் காரணம் கலைஞனின் கற்பனை மட்டுமில்லை, இந்தச் சட்டமும்தான்.

வெளிச்சம் பொதுச் சொத்து, பணம் இருக்கிறது என்பதற்காக அடுத்தவன் தலையில் நிழலைக் கொட்ட முடியாது என்று ஒரு நகரம் சட்டம் போட்டது. அம்பேத்கர் அந்த ஊரை விட்டு லண்டனுக்குக் கிளம்பியதும் அதே 1916தான். அந்த மே மாதம் 9ஆம் தேதி, கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்திருந்தார்.

அவர் பிறந்த மகர் சாதிக்கும் ஒரு நிழல் சட்டம் இருந்தது. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் மகர், மாங் சாதியார் மாலை 3 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் நகர வாசலுக்குள் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நிழல் நீளமாக விழும், பார்ப்பனர் மேல் பட்டால் தீட்டு. சமூகவியல் அறிஞர் குர்யே இதைப் பதிவு செய்திருக்கிறார். கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டவைத்த கதையை அம்பேத்கரே எழுதினார்.

பிளான் வரைகிறவன் என்பதால் அந்த 9 மணி, 3 மணி கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். பகலும் இரவும் சமமாக இருக்கிற பங்குனி, புரட்டாசி வாக்கில், புனேயில் அந்த நேரத்தில் சூரியன் ஏறக்குறைய 42 டிகிரியில் நிற்கும். அப்போது ஒரு ஆளின் நிழல் அவன் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதற்கு மேல் நீண்டால் குற்றம். அதாவது, உன் நிழல் உன்னைவிடப் பெரிதாகக் கூடாது. எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். நியூயார்க்கில் ஏழு ஏக்கருக்கு நிழல் விழுந்த பிறகுதான் சட்டம் போட்டான். இங்கே ஆறடிக்கே போட்டுவிட்டார்கள்.

பழைய கதை என்று யாராவது சொல்வார்கள். 1994இல் எங்க காலனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து வீடு கட்டினான். கீழே ஒன்று, மேலே ஒன்று. பிளான் நான்தான் போட்டேன். முறைப்படி அனுமதி வாங்கியாயிற்று. கிழக்கே பதினைந்து அடி வண்டிப்பாதை, அதைத் தாண்டி ஊர்த்தெருப் பண்ணைக்காரர் ஒருவரின் நெற்களம். கீழ்த்தளம் முடிந்து, படிக்கட்டு கட்டி, மேலே தூணுக்குக் கம்பி நிறுத்துகிற நேரத்தில் அவர் ஆள் அனுப்பினார். எங்கம்மாவும் நானும் போனோம். திண்ணைக்குக் கீழே நின்றோம்.

"இன்னாடா, மச்சு ஏத்துறீங்களாமே? சாயங்காலமானா உங்க வூட்டு நெழலு எங்க களத்துல வந்து வுழுமே, யோசன பண்ணீங்களா?"

நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். வீடு 21 அடி. மூன்று மணிக்குச் சுமார் 22 அடி நிழல். பாதை போக ஏழடி உங்கள் களத்தில் விழும். அதற்குள் நெல்லை வாரிவிடுவார்கள் என்று சொல்லப்போனேன். முடிக்க விடவில்லை.

"நெல்லு காயிறதப் பத்தி எனக்கு நீ சொல்றியா? ஆளு நெழலே வுழக்கூடாதுன்னு இருந்துது. இப்ப வூட்டு நெழலு வுழுவுதா?"

அவருடைய புளியமரம் ஒன்று எங்க தெரு ஓரத்தில் நிற்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை நாலு வீட்டுக்கு வெயிலே வராது. மழைக்காலத்தில் துணி காயாது. அதை யாரும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. எங்கம்மா அன்றைக்குச் சொன்னார்.

"ஆண்டே, உங்க மரத்து நெழல்ல நாங்க நாப்பது வருசமா கீறோம். எங்க வூட்டு நெழலு ஏழடி வுழுந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

அவ்வளவுதான். மறுநாள் கொத்தனார் வரவில்லை. கீழ்த்தளத்துக்குப் பூச்சு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் கூடி, கீழே கட்டினது கட்டினதாக இருக்கட்டும், மேலே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவன். மேலே கட்டியே தீருவேன் என்று குதித்தான். காலனியில் கூலிக்குப் போகிறவர்கள் நூறு குடும்பம். அவர்களுக்கு வேலை நின்றுவிடும் என்று பெரியவர்கள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து, நம் ஜனங்கள் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கி வைத்திருந்த டி.வி., மின்விசிறி, பீரோ எல்லாவற்றையும் அடித்து நொறுக்கியதைப் படித்தபோது, அண்ணன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போனான். ரொம்ப நேரம் இறங்கவில்லை.

நியூயார்க் சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் எனக்கு மனசில்லை. அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஐந்தாம் அவென்யூ என்பது பணக்காரக் கடைகள் இருக்கிற வீதி. அதன் பக்கத்துத் தெருக்களில் தையல் பட்டறைகள் மாடி மாடியாக வந்தன. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்த யூதர்கள், ஏழைகள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி அந்த வீதியில் கூட்டமாக நிற்பார்கள், பேசுவார்கள். அதைப் பார்த்தால் சீமாட்டிகள் கடைக்கு வர மாட்டார்கள் என்று வியாபாரிகள் சங்கம் வைத்துப் போராடினார்கள். பட்டறைகளை அங்கிருந்து விலக்கி வைக்கவும் அதே 1916 சட்டம்தான் பயன்பட்டது. வெளிச்சத்துக்குப் போட்ட சட்டத்தில், இன்னார் இன்ன தெருவில் நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டார்கள். அடுத்த கட்டடத்து முதலாளிக்கு வெயில் கிடைத்தது. தையல்காரன் நின்ற இடம் போனது.

சரி, இரண்டில் எது நல்ல கட்டடம் என்று கேட்டால், பார்ப்பதற்கு உல்வொர்த். தெருவுக்கும் அதுதான் நல்லது, வானத்தை மிச்சம் வைத்திருக்கிறது. ஆனால் அது தன்னைக் கோயில் என்று சொல்லிக்கொள்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஈக்விடபிள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு வாடகை, அதற்காகத்தான் நிற்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற கட்டடம் அது. பேராசையைப் பேராசை என்று பார்த்ததால்தான் அதற்கு எதிராகச் சட்டம் போட முடிந்தது. கோயில் என்று சொல்லிக்கொண்டு அதே நிழலைப் போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

ஈக்விடபிளில் எனக்கு ஆச்சரியம் அதன் லிப்ட். 48 லிப்ட். எத்தனை மாடி கட்டலாம் என்பதையே, எத்தனை பேரை எவ்வளவு நேரத்தில் ஏற்றி இறக்க முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஏறவும் இறங்கவும் வழியில்லாத மாடிக்கு வாடகை வராது என்பது முதலாளிக்குத் தெரியும். ஊர் திரும்பிய அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் மூக்நாயக் பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழிலேயே இந்து சமூகத்தை ஒரு பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். மாடிக்கு ஒரு சாதி, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போகப் படிக்கட்டே கிடையாது, பிறந்த மாடியிலேயே செத்துப்போக வேண்டும் என்று எழுதினார். நியூயார்க்கின் இந்த இரண்டு கட்டடங்களை மனசில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை எழுதியவர், உலகத்திலேயே உயரமான கட்டடங்களும் வேகமான லிப்டுகளும் இருந்த ஊரில் மூன்று வருஷம் வாழ்ந்து திரும்பியவர்.

எங்கம்மா டவுனில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கல் சுமந்தார். எட்டு எட்டுக் கல்லாகச் சாரத்தில் ஏற்றினார். கட்டி முடித்துப் பல வருஷம் கழித்து, ஒரு டாக்டரைப் பார்க்க அதே கட்டடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். லிப்டில் ஏறச் சொன்னால் ஏறவில்லை. "நான் ஏறாத மாடியாடா இது" என்று படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறி வந்தார்.

அந்தப் பண்ணைக்காரர் இப்போது இல்லை. மகன்கள் களத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார், மூன்று மாடி. காலையில் அதன் நிழல் எங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறது. அண்ணனும் போய்விட்டான். மொட்டை மாடியில் கம்பிகள் துருவேறி நிற்கின்றன, வெட்டவில்லை. போன மாதம் அவன் மகன் வந்து, "சித்தப்பா, மேல போட்டுடலாம், பிளான் போட்டுக் குடுங்க" என்றான். தூணில் பழைய கம்பி தாங்காது, புதுக் கம்பி இணைத்துத்தான் எழுப்ப வேண்டும். கிழக்கே மண்டபம் மறைப்பதால் ஜன்னல்களைத் தெற்குப் பக்கம் வைத்திருக்கிறேன். படிக்கட்டு ஏற்கனவே இருக்கிறது.